ஊழும் தாமதமும்

சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் வட்டாரத்தில் மகிபாலன்பட்டி என்றோர் ஊர். பண்டிதமணி கதிரேசச் செட்டியார் பிறந்த ஊர் என்பதால் செட்டிநாட்டார் அதை அறிவர். புறநானூற்றின் 192ஆம் பாட்டைப் பாடிய கணியன் பூங்குன்றனாரின் பூங்குன்றம் இதுதான் என்று அறிஞர் சொல்வதால் மற்றவர்களும் அறிவர். அந்தப் பாட்டின் முதலடியை மேடைதோறும் முழங்குகிறோம்; பின்பகுதியை யாரும் அவ்வளவாகத் தொடுவதில்லை. எல்லாரையும் உறவாக்கிக்கொண்டு தொடங்கும் புலவர், அடுத்த மூச்சிலேயே, ஒருவருக்கு நேரும் கேட்டுக்கும் நலத்துக்கும் வெளியாள் பொறுப்பில்லை என்கிறார். மலையாற்று வெள்ளம் இழுத்த வழியே தெப்பம் போவதுபோல உயிரும் முறைவழியே போகிறது என்கிறார். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் இடிக்கிறது. எல்லாரும் உறவென்றால் உறவின் துன்பத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டும். துன்பம் யாராலும் வருவதில்லை என்றால் நான் பதில் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாயிரம் ஆண்டு பழைய இந்த இடறல் இன்றும் மருத்துவமனை வாசலில் கிடக்கிறது. ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி வந்து, அதனால் அவள் இறந்தும் போனால், அது அவள் ஊழா, அவளுக்கு நாம் இழைத்த அநீதியா?

பொதுவாகப் பேசினால் இதற்கு முடிவு வராது; கணக்கை எடுத்து வைத்துப் பேச வேண்டும். 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 23 லட்சம் பேருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டதாகவும், அதே ஆண்டில் 6,70,000 பேர் அதனால் இறந்ததாகவும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டது. இந்தியாவுக்கு அது தந்த எண்கள்: புதிய நோயாளிகள் சுமார் 1,92,000, இறப்பு சுமார் 98,000. உலகில் மூன்று நான்கு நோயாளிக்கு ஓர் இறப்பு என்றால் இங்கே இரண்டு பேருக்கு ஒன்று. 2010க்கும் 2014க்கும் இடையில் நோய் கண்ட பெண்களில் ஐந்தாண்டு கடந்து உயிரோடிருந்தவர்கள் அமெரிக்காவில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர், இந்தியாவில் அறுபத்தாறு பேர். இந்தியாவுக்குள்ளேயே வேறொரு பிளவும் தெரிகிறது. நம் பதிவேடுகளின் கணக்குப்படி, கட்டி மார்போடு நிற்கும்போதே வந்தவர்களில் ஐந்தாண்டு தாண்டியவர்கள் 81 விழுக்காடு. அக்குளுக்கும் பக்கத்துத் திசுக்களுக்கும் பரவிய பின் வந்தவர்களில் அது 65 சொச்சம். எலும்புக்கோ நுரையீரலுக்கோ ஈரலுக்கோ போன பின் வந்தவர்களில் 18. ஒரே நாடு, ஒரே நோய். 81க்கும் 18க்கும் இடையே உள்ள பள்ளத்தில் பெரும்பகுதியைத் தோண்டியது, அவள் எப்போது வந்தாள் என்ற ஒரே விஷயம். உயிரணு ஏன் திரிந்தது என்று கேட்டால் மருத்துவர் பல சமயம் கையை விரிப்பார். ஊழ் என்ற சொல்லுக்கு அங்கே இடமுண்டு, நான் சண்டை போடவில்லை. ஆனால் கட்டி தோன்றிய நாளுக்கும் மருத்துவர் அதைத் தொட்டுப் பார்த்த நாளுக்கும் நடுவில் ஓடிய மாதங்கள் மனிதர்களால் ஆனவை. என் வாதம் முழுவதும் இந்த நடுவெளியைப் பற்றியது.

அந்த நடுவெளி எப்படி உருவாகிறது என்று பார்க்க, காரைக்குடித் தெரு ஒன்றில் இரண்டு பெண்களைக் கற்பனை செய்துகொள்வோம். இருவருக்கும் வயது ஐம்பது. இடப்பக்க மார்பில் சுண்டைக்காய் அளவில் வலிக்காத கட்டி. வலிக்காது என்பதுதான் இந்த நோயின் சூது. வலித்திருந்தால் பாதிப் பேர் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள். முதலாமவர் அந்த வீட்டு ஆச்சி. மகள் சென்னையில். தொலைபேசியில் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த வாரம் மாமோகிராம், அதற்கடுத்து ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்ப்பது, பத்திருபது நாளில் அறுவை. இரண்டாமவர் ஊருக்கு வெளியே உள்ள குடியிருப்பிலிருந்து வந்து அதே வீட்டின் வளவைக் கூட்டிக் கழுவுகிறவர். மார்பில் கட்டி என்று கணவனிடம் சொல்லவே அவர் கூசுவார். சொன்ன பிறகும் முதலில் மருந்துக்கடை மாத்திரை, அப்புறம் பத்து, அப்புறம் நாட்டு வைத்தியம், அதன் பிறகே ஆஸ்பத்திரி. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் ஒரு நாள் கூலி அவருக்கும், துணைக்கு வருபவருக்கு இன்னொரு நாள் கூலியும் போகும். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை, உண்மை. காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போகிற வண்டி நகரப் பேருந்து அல்ல. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை அறுவைக்கும் கீமோவுக்கும் கைகொடுக்கும், அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. 2009இல் ஒரு வடிவிலும் 2012இல் இன்னொரு வடிவிலும் வந்த அந்தத் திட்டம் எத்தனையோ குடும்பங்களின் தாலியை அடகுக்கடைக்குப் போகாமல் காத்திருக்கிறது. ஆனால் அட்டை வேலை செய்யத் தொடங்குவது நோய் என்று எழுதிக் கொடுத்த பிறகு. எழுதிக் கொடுக்கும்வரை கடக்கும் மாதங்களுக்கு அட்டை கிடையாது. ஆச்சியின் பக்கத்தையும் அழகுபடுத்த வேண்டாம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, அரண்மனை வீட்டில் தனியாக இருந்துகொண்டு, யாருக்கும் சொல்லாமல் முந்தானையால் மூடிவைத்த ஆச்சிமாரும் இருக்கக்கூடும். ஆயினும் அவர் மூடிவைத்தால் அதை அவர் தேர்ந்தார் என்று சொல்ல ஓரளவு இடமுண்டு. மற்றவருக்குத் தேர்வதற்கு என்ன இருந்தது?

இங்கே வினைக்கொள்கையை எடுத்துக்கொண்டு ஒருவர் எழுந்து நிற்கலாம்: ஏழையாகப் பிறந்ததும் வினை, நோய் வந்ததும் வினை, தாமதித்ததும் வினை, எல்லாம் முன்னமே எழுதியாயிற்று. சைவத்துக்குள்ளிருந்தே இதற்குப் பதில் உண்டு, அதுவும் பழைய பதில். கொடிமாடச் செங்குன்றூரில், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில், அடியார்கள் குளிர்சுரத்தால் வருந்தியபோது ஞானசம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் பாடியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அந்தப் பதிகத்தின் தொடக்கமே ஒரு கண்டனம். முன் செய்ததற்கு இது கூலி என்று வாயால் சொல்லிக்கொண்டு, பிழைக்கும் வழியைத் தேடாமல் உட்கார்ந்திருப்பது உங்களுக்கு ஒரு குறைதானே என்று கேட்கிறார் சம்பந்தர். வினை இல்லை என்று அவர் சொல்லவில்லை. வினையைக் காட்டி மருந்தைத் தள்ளாதே என்கிறார். சித்தாந்த நூல்கள் இன்னும் நுட்பமாகப் போகின்றன. பழவினை, நுகர்வினை, ஏறுவினை என்று வினையை மூன்றாகப் பிரிக்கின்றன. எதிர்வீட்டுப் பெண்ணின் நோய் அவளது நுகர்வினை என்றே வைத்துக்கொள்வோம். அவளைப் பார்த்துவிட்டு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேனே, அது யார் கணக்கில் ஏறும்? என் கணக்கில், ஏறுவினையாக. அவளுக்கு அனுபவிப்பது விதித்திருக்கலாம். கைவிடுவது எனக்கு விதித்திருக்கவில்லை, நான் செய்தது அது. வினைக்கொள்கையை முழுதாக ஏற்பவர்தான் இந்தப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாதவர். பூங்குன்றனாரின் முரண்பாடும் இப்படிப் பார்த்தால் அவிழ்கிறது. உயிர்கள் வெள்ளத்தோடு போகின்றன என்று சொன்ன புலவர் அதிலிருந்து எடுத்த முடிவு, பெரியவரைக் கண்டு வியக்காதே, சிறியவரை இகழவே இகழாதே என்பது. ஊழைச் சொல்லி அவர் சமத்துவத்துக்குப் போகிறார். நாம் அதே ஊழைச் சொல்லி அலட்சியத்துக்குப் போகிறோம்.

அலட்சியம் என்றால் படிக்காதவர்களின் விதிநம்பிக்கை என்று நினைப்பது நம் வழக்கம். வரலாறு வேறுவிதமாக இருக்கிறது. காரைக்குடிக்கு வடக்கே பக்கத்துச் சமஸ்தானமான புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. தாய் இசைவேளாளர் குலத்தவர். அந்தப் பிறப்பையும் காட்டிக் கல்லூரியில் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு எழுந்து, மன்னரின் ஆணையால் சேர்ந்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1923இல் அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். அதைச் சீதபேதி என்று எண்ணி வைத்தியம் நடந்திருந்தது. வீட்டில் ஒரு மருத்துவர் இருந்தும் தாமதம் கொன்ற சாவு அது. அதற்குப் பிறகு புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்று அவர் முப்பதாண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். கிடைத்த பதில்களின் சாரம்: இந்த நோய் வந்தால் சாவுதான், அதற்கு எதற்குத் தனி மருத்துவமனை? இதைச் சொன்னவர்கள் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் அல்லர், அரசாங்கப் பொறுப்பில் இருந்தவர்கள். ஆக, விதியை நம்பியது கோட்டை. நம்ப மறுத்தது, சமூகம் தாழ்த்தி வைத்த குலத்திலிருந்து வந்த ஒரு பெண். 1954 ஜூனில் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கையோடு அந்த நிலையம் திறந்தது. பிறகு டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்த கதை தமிழருக்குத் தெரியும். அமெரிக்க அரசியல் தத்துவ அறிஞர் ஜூடித் ஷ்க்ளார் 1990இல் எழுதிய ஒரு நூலில், துரதிர்ஷ்டத்துக்கும் அநீதிக்கும் நடுவே உள்ள கோடு இயற்கை போட்டதல்ல, அதை எங்கே போடுவது என்பதை வலிமையுள்ளவர்களே பெரும்பாலும் தீர்மானிக்கிறார்கள் என்று வாதிட்டார். நம் மண்ணில் அந்தக் கோட்டை ஒருவர் கைநீட்டி அழித்துத் தள்ளிப் போட்டதற்குச் சான்று வேண்டுமென்றால் அடையாறு இருக்கிறது.

இனி வலுவான மறுப்புக்கு வருவோம். இது விதியும் அல்ல அநீதியும் அல்ல, உயிரியல் என்பது அந்த மறுப்பு. இந்தியப் பெண்ணுக்கு இளவயதிலேயே வருகிறது. ஹார்மோனுக்கும் ஹெர்2 மருந்துக்கும் கட்டுப்படாத முரட்டு வகை, முந்நிலை எதிர்மறை என்று சொல்வது, மேலைநாட்டில் நூற்றுக்கு 12 முதல் 15 என்றால் இங்கே முப்பதைத் தொடுகிறது. வேறு உடம்பு, வேறு முடிவு. இதில் உண்மை இருக்கிறது, ஆனால் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. இளவயது என்பதில் ஒரு பங்கு வெறும் கூட்டல் கழித்தல்: நம் மக்கள்தொகையில் இளையவர்கள் அதிகம், எனவே நோயாளிகளிலும் அதிகம். முந்நிலை எதிர்மறையிலும் ஒரு பகுதி போத்தலில் உண்டானது. சிற்றூர் நர்சிங் ஹோமில் வெட்டி எடுத்த கட்டியை உடனே போதுமான ஃபார்மலினில் போடாமல், உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டு, இரண்டு நாள் கழித்து நகரத்துக்கு அனுப்பினால், சதையில் இருந்த ஹார்மோன் ஏற்பிகள் சிதைந்து, சோதனையில் இல்லை என்று வரும். இல்லை என்று வந்தால் அவளுக்கு டமாக்சிஃபன் எழுதமாட்டார்கள். மிகவும் மலிவான, ஐந்தாண்டோ பத்தாண்டோ தினம் ஒன்று விழுங்கினால் நோய் திரும்புவதைத் தடுக்கிற மாத்திரை அது. அசட்டையாக வைத்த ஒரு போத்தல் ஆய்வுக் கட்டுரையில் ஓர் இனத்தின் குணமாகிவிடுகிறது. அமெரிக்காவும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. அங்கே கறுப்பினப் பெண்களுக்கு நோய் வருவது வெள்ளையரைவிடச் சற்றுக் குறைவு. இறப்பதோ சுமார் நாற்பது விழுக்காடு அதிகம். முரட்டு வகை அவர்களிடம் கூடுதல் என்பது மெய்தான். ஆனால் 1980ஐ ஒட்டிய ஆண்டுகள்வரை இரு சாராரின் இறப்பு விகிதமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. மாமோகிராமும் டமாக்சிஃபனும் பரவலான பிறகுதான் கோடுகள் விலகின. நாற்பதாண்டில் ஓர் இனத்தின் மரபணு மாறிவிடாது. மருந்து வந்தது; ஒருவரிடம் முந்திப் போய்ச் சேர்ந்தது, மற்றவரிடம் பிந்திப் போனது.

அதனால் மரபணுவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மரபணுவைப் பற்றிய அறிவும் கஞ்சி ஊற்றுவதுபோலப் பங்கிடப்படுகிறது, வரிசையில் முன்னால் நின்றவருக்கு அதிகம் என்பதுதான் குறை. மரபணுவையும் நோயையும் தொடர்புபடுத்திய பெரும் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 78 விழுக்காட்டினர் ஐரோப்பிய வம்சத்தவர் என்று 2019இல் ஒரு மதிப்பீடு காட்டியது. உலகம் ஒப்பீட்டுக்குப் பயன்படுத்திய ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்தில் தமிழர் என்று இருந்தவர்கள் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள். சிவகங்கையிலிருந்து ஒரு பெண், மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள பிராகா மரபணுக்களுக்கான பரிசோதனை செய்துகொண்டால், மாறுதல் தெரிகிறது, பொருள் தெரியவில்லை என்ற பதில் வருவதற்கு ஐரோப்பியப் பெண்ணைவிட வாய்ப்பு அதிகம். அவள் மார்பை அறுப்பதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டிய இடத்தில் அறிவியல் ஊமையாக நிற்கும். இந்தப் பக்கத்தில் சமூகம் வாழ்ந்த முறையும் சேர்கிறது. செட்டிநாட்டு நகரத்தார் ஒன்பது கோயிலாகப் பிரிந்து, ஒரு கோயிலுக்குள் பெண் எடுக்காமல், சமூகத்துக்கு வெளியேயும் எடுக்காமல் பல நூற்றாண்டு வாழ்ந்தவர்கள். இப்படி அகமண வேலி போட்டு வாழ்ந்த குழுக்களில் அரிய மரபணு மாறுதல்கள் தங்கிப்போகக்கூடும் என்று 2017இல் வெளிவந்த தெற்காசிய ஆய்வொன்று விளக்கியது. கலப்பின்றி வாழ்ந்தவர் மேல்சாதியானாலும் கீழ்சாதியானாலும் இந்த ஆபத்தில் சமம்; நேரமிருந்தால் சாதிப் பெருமை பேசுவோர் இதை யோசிக்கலாம். யூதப் பெண்களுக்கே உரியதென்று நீண்டநாள் கருதப்பட்ட பிராகா1 மாறுதல் ஒன்று தென்னிந்தியக் குடும்பங்களிலும் பின்னர் தென்பட்டது. தேடிய இடத்தில் கிடைக்கிறது, தேடாத இடத்தில் இல்லாமல் போகிறது. பத்தாயிரம் இந்தியரின் மரபணுத்தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. நல்ல தொடக்கம், தாமதமான தொடக்கமும்கூட.

ஆய்வில் சேர்க்காமல் விடுவது ஓர் அநீதி என்றால், சேர்த்துவிட்டு மறந்துவிடுவது இன்னொன்று. மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. 35 முதல் 64 வயதுக்குட்பட்ட ஒன்றரை லட்சம் பெண்கள். அவர்களில் பாதிப் பேரின் மார்பை, மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற பெண்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். மற்றப் பாதிக்கு நோயின் அறிகுறிகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்ததோடு சரி. இருபதாண்டு தொடர்ந்து பார்த்த பின் 2021இல் முடிவு வந்தது: பரிசோதித்தவர்களிடம் நோய் முன்னதாகவே பிடிபட்டது; ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் இறப்பு ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறைந்தது; எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் குறைவு பதினைந்து விழுக்காடு, ஆனால் அதை உறுதியாகச் சொல்லப் புள்ளியியல் இடம் தரவில்லை. இதே பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான சோதனையும் சேர்ந்தே நடந்தது. பரிசோதனை பெறாத பாதியில் இறந்தவர்களை முன்வைத்துக் கடும் கண்டனம் எழுந்தது: பணக்கார நாட்டில் இப்படி ஒரு பிரிவை வெறுமனே விட்டு வைத்துப் பார்ப்பீர்களா? நாட்டில் அன்று யாருக்குமே பரிசோதனை இல்லை, இருந்த நிலையைத்தான் ஒப்பிட்டோம் என்பது ஆய்வாளர் பதில். இரு பக்கமும் ஓரளவு நியாயம் இருக்கிறது. என் பார்வையில் அதைவிடப் பெரிய குற்றம் ஆய்வுக்குப் பின்னால் நடப்பது. மாமோகிராம் எந்திரம் வாங்க முடியாத நாட்டுக்கு, கையும் பயிற்சியும் போதும் என்ற அறிவை அந்தப் பெண்கள் தம் உடம்பால் ஈட்டிக் கொடுத்தார்கள். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 2019–21இல் தமிழ்நாட்டில் 30–49 வயதுப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையேனும் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 5.6 விழுக்காடு. இந்தியாவுக்கு 0.9. நாம் ஆறு மடங்கு மேல் என்று மகிழலாம். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேரை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை என்றும் படிக்கலாம். நன்றி மறப்பதைக் குறள் எந்த இடத்தில் வைக்கிறது என்பதை நினைவூட்ட வேண்டியதில்லை.

இதையெல்லாம் சாதியோடு சேர்ப்பானேன், நோய்க்குச் சாதி ஏது என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல மனத்தோடு கேட்பவர்களே பெரும்பாலோர். சென்னையில் 1980களின் தொடக்கத்திலிருந்தும் 2012 முதல் மாநிலம் முழுவதற்குமாகவும் நமக்குப் புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. இந்தியாவில் பல மாநிலங்கள் பொறாமைப்படத்தக்க வேலை. அதன் அறிக்கையைத் திறந்தால் எந்த வயதில், எந்த உறுப்பில், எந்த மாவட்டத்தில் என்பது தெரியும். பட்டியல் சாதிப் பெண் எத்தனையாம் கட்டத்தில் வந்தார், ஏனையோர் எத்தனையாம் கட்டத்தில் வந்தார்கள் என்ற ஒப்பீட்டைக் காண முடியாது. மலேசியாவில் இது கூச்சமில்லாமல் நடக்கிறது. நம் செட்டிநாட்டுப் பணம் வட்டிக்குப் போன, நம் தென்மாவட்டத்துப் பெண்கள் ரப்பர்ப் பால்வெட்டப் போன அதே நாட்டில், மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று பிரித்து மார்பகப் புற்றுநோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். 2012இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, மலாய்ப் பெண்களின் பிழைப்பு விகிதமே மிகக் குறைவு, இந்தியர் நடுவில், சீனர் மேலே என்று சொன்னது. எண்ணிக்கையிலும் அரசியலிலும் மேலோங்கிய இனத்துப் பெண்கள் மருத்துவமனைக்குப் பிந்தி வருகிறார்கள் என்பதை ஊகித்து யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். எண்ணிப் பார்த்ததால் தெரிந்தது. நம் ஊரிலும் எண்ணிப் பார்த்தால் நான் நினைப்பதற்கு மாறாக வரலாம். வந்தால் என் வாதத்தில் ஒரு பங்கு விழும், விழட்டும். சாதியைக் கேட்டால் சாதி வளரும் என்ற அச்சத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். குடும்ப நலக் கணக்கெடுப்பு வீடு வீடாகப் போய்ச் சாதியைக் கேட்டுத்தான் எழுதுகிறது. அதனால் கலவரம் எதுவும் மூளவில்லை. சாதி பார்த்து வீடு கொடுக்கிற, சாதி பார்த்துச் சுடுகாடு பிரிக்கிற நாட்டில், மருத்துவப் பதிவேட்டில் மட்டும் சாதி கூடாது என்பது யாருக்கு வசதி?

செட்டிநாட்டிலிருந்து எழக்கூடிய இன்னொரு மறுப்பு, இங்கே கொடைக்குக் குறைவில்லை என்பது. இல்லைதான். வருமானத்தில் மகமை எடுத்து வைத்துக் கோயில் கட்டிய சமூகம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. அடையாறு நிலையமும் நன்கொடையால் எழுந்ததே. ஆனால் கொடைக்கு ஓர் இயல்பு உண்டு: கொடுப்பவருக்குப் பிடித்த இடத்தில், பிடித்த காலத்தில் அது இறங்கும். வாங்குபவர் கேள்வி கேட்க முடியாது. கிடைக்காதவர் வழக்குப் போட முடியாது. நோயோ கொடையாளரின் ஊரைப் பார்த்து வருவதில்லை. மார்பை முழுவதும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்துக் காப்பாற்ற வேண்டுமானால், பிறகு கதிர்வீச்சு, அதாவது கரண்டு, வைக்க வேண்டும். முன்பெல்லாம் 25 நாள், வாரத்துக்கு ஐந்தாக ஐந்து வாரம். பிறகு 15 நாள் போதும் என்றானது. தகுந்தவர்களுக்கு ஐந்தே நாளிலும் முடிக்கலாம் என்று 2020இல் பிரிட்டன் ஆய்வு காட்டியது. தினமும் மதுரைக்கு 90 கிலோமீட்டர் போய்வர முடியாது என்பதற்காகவே மார்பை முழுதாக எடுத்துவிடச் சொல்லும் கிராமத்துப் பெண்ணுக்கு, 25ஐ 5 ஆக்குவது எந்த நன்கொடையையும்விடப் பெரிது. அதை ஒரு கொடையாளர் செய்ய முடியாது. திட்டமிடும் அரசும் பயிற்சி பெற்ற துறையும்தான் செய்ய முடியும். குன்றக்குடி அடிகளார் ஆதீனப் பீடத்தில் இருந்துகொண்டே ஊருக்குத் திட்டக்குழு அமைத்து, காரைக்குடி விஞ்ஞானிகளைக் கிராமத்துக்கு அழைத்து வந்தார். அன்னதானத்தோடு நிற்காமல் திட்டத்துக்குப் போன துறவி அவர். சமயம் அந்த அளவுக்கு இறங்கி வந்த ஊரில் இருந்துகொண்டு, கொடை போதும் என்று சொல்வது பொருந்தவில்லை.

கடைசியாக ஒரு மறுப்பு. அதை நான் மதிக்கிறேன். நோயாளிக்கு ஊழ் ஓர் ஆறுதல். அதைப் பிடுங்கிவிட்டால், நீ முன்னமே வந்திருக்க வேண்டும் என்ற பழிதான் அவள் கையில் மிஞ்சும். மார்பகப் புற்றுநோய் பற்றிய விழிப்புணர்வுப் பிரசாரங்கள் பலவற்றில் இந்தப் பழிச்சொல் ஒளிந்திருப்பது உண்மை: பரிசோதித்துக்கொள்ளாதது உன் தப்பு, உன் அறியாமை. அதனால் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். என் விதி என்று அவளே தன்னைப் பற்றிச் சொன்னால் அதில் தலையிட எனக்கு உரிமையில்லை. கீமோ வாந்திக்கும் முடி உதிர்வுக்கும் நடுவில் அவளைத் தாங்கி நிறுத்துவது அந்தச் சொல்லானால் நிற்கட்டும். அவள் விதி என்று அமைச்சரோ, மருத்துவரோ, மாமியாரோ, அவளை வேலைக்கு வைத்திருப்பவரோ சொன்னால் அது ஆறுதல் அல்ல, கணக்கை மூடுவது. ஒரே சொல், பேசுபவர் மாறும்போது அறம் மாறுகிறது. வளம் குறைந்த அரசு எல்லாருக்கும் எல்லாம் தர முடியுமா என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே பதில்: எல்லாம் கேட்கவில்லை. கட்டிக்கும் கைக்கும் நடுவிலுள்ள மாதங்களைக் குறைக்கும் செலவு, முற்றிய நோய்க்கு மருந்து வாங்கும் செலவைவிடக் குறைவு.

நோயை முன்னதாகவே தேடிப் பார்ப்பது சிவகங்கைக்குப் புதிய பாடமும் அல்ல. 2007ஐ ஒட்டித் தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் முன்னோட்டம் பார்த்தபோது தேனிக்கும் தஞ்சாவூருக்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனையைக் கொடுத்தது. சிவகங்கைக்கும் விருதுநகருக்கும் இரத்த அழுத்தச் சோதனையைக் கொடுத்தது. 2023இல் அமைப்புமுறையிலான புற்றுநோய்ப் பரிசோதனை முதலில் தொடங்கியது ஈரோடு, கன்னியாகுமரி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில். அந்தத் திருப்பத்தூர் வடக்கே உள்ள திருப்பத்தூர், நம்முடையது அல்ல. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 முதல் வீட்டு வாசலுக்கு வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. சாக்கோட்டையிலும் கல்லலிலும் இளையான்குடியிலும் அப்படி வாசலுக்கு வரும் பெண்ணுக்கு மார்பகப் பரிசோதனைப் பயிற்சி கொடுங்கள். முப்பது வயது தாண்டிய எந்தப் பெண்ணையும் விடாமல் இரண்டாண்டுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கட்டத்தில் நோய் பிடிபட்டது என்பதை ஊர், சாதி, வருமானம் வாரியாக மாவட்டப் பதிவேட்டில் எழுதி ஆண்டுதோறும் வெளியிடுங்கள்.